சகலையின் பச்சை வண்டி

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கடைசிப் பந்தயத்தில் மூன்றாம் இடம் போதும். இந்த வருடக் கோப்பை அவருக்குத்தான். இணைய விளையாட்டில் ஓடும் கார்தான் என்றாலும் கோப்பை கோப்பைதானே! ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்துக் கடைசிச் சுற்று வரை மூன்றாவதாகவே வந்துவிட்டார்.

அப்போதுதான் பின்னால் ஒரு பச்சை வண்டி தெரிந்தது. அதன்மேல் அவருடைய சகலையின் பெயர். சகலை செத்து அரை வருடமாகிறது. பந்தயக் குழுவிலிருந்து அந்தப் பெயரை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பச்சை வண்டி இரண்டு முறை லைட் அடித்தது. முந்துவதற்கு முன் சகலை அப்படித்தான் அடிப்பார், இவரும் ஒதுங்கிவிடுவார். பழக்கதோஷம், இப்போதும் கை தானாக ஒதுங்கியது. கோப்பை போயிற்று.

“என்ன அத்தான், பேயின்னு பயந்துட்டீங்களா?” ஹெட்போனில் கொழுந்தியாள், சகலையின் மனைவி.

“நீயாம்மா? உனக்கு எப்படி இதெல்லாம்...”

“அவர் பக்கத்துல உக்காந்து வருசக்கணக்கா காய் நறுக்கினவ நான். லைட்டடிச்சா அத்தான் ஒதுங்கிடுவார்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.”

“படுபாவி!” என்றார் மெக்கானிக்.

பந்தயம் முடிந்தது. மூன்றாம் இடத்தில் செத்தவரின் பெயர் மின்னியது. இணையத்தில் அந்தப் பந்தயத்தை நடத்தியவர் மெக்கானிக். அவர் மூடினால் எல்லோருடைய திரையிலும் அது மறைந்துவிடும்.

“மூடிடாதீங்க அத்தான். கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்.”

“சோறு ஆறுது, அந்தக் கருமத்தை அணைங்க!” என்று தட்டோடு வந்த அவர் மனைவி, திரையில் தங்கை புருஷனின் பெயரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் அணைக்கவில்லை.