முகத்துக்குச் சாயம், வாசலுக்குப் பிராது

முத்துவெள்ளை என்கிற வெள்ளைச் சாயப்பொடியைத் தேங்காயெண்ணெய் விட்டுக் கல்லில் இழைத்துக்கொண்டே, கை ஓய்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்; காகிதத்தில் எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாறுவேடத்துக்கு முகம் எழுதுகிற வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டே ஆகவேண்டும். நாலு பேர் முன்னால் நாக்கு எழாத என் போன்ற சகோதரிகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும்.

நான் படித்தது ஐந்தாவது. என் கோலத்தைப் பார்த்த எதிர்வீட்டு டீச்சர், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு வேடம் எழுதக் கூப்பிட்டார். கைக்குழந்தையோடு வீட்டுக்குள்ளேயே கிடந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் தடுக்கவில்லை. "செய்யி. ஆனா ஒரு பிராது வாசலுக்கு வந்துச்சுன்னா சாய டப்பா அம்புட்டும் பரணுக்குப் போயிரும்" என்றார். அன்றிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அடுப்படிக்குள் புகுந்துகொள்வேன்.

நீலக் கண்ணன்

கண்ணன் வேடம் பாதியில் இருக்கும்போது நீலச் சாயம் தீர்ந்துபோனது. வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலப்பொடியைக் குழைத்துப் பூசிவிட்டேன். பையன் அழகாகத்தான் இருந்தான். விழா முடிந்து ஒரு வாரமாகியும் அதே அழகோடு இருந்தான்.

அவன் அம்மா அவனை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால். "என்னம்மா, பிராதா?" என்றார் அத்தை. அந்தம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "பிராதெல்லாம் இல்லங்கம்மா. சோப்பைக் கண்டா ஓடுறான். நீலம் போயிருச்சுன்னா யாரும் வெண்ணெய் தரமாட்டாகளாம். இவனுக்கு வெண்ணெய் குடுத்துக் கெடுக்குறது யாருன்னு நீங்களாச்சும் விசாரிங்க!"

பாரத மாதா

பாரத மாதா வேடம் கட்டிய சிறுமிக்குத்தான் நான் எழுதியதிலேயே நல்ல முகம். அவள் அம்மா கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார். வைக்க வேண்டியதுதான். பிறகு பெரியம்மா மறு கன்னத்தில் ஒன்று, சித்தி தாடையில் ஒன்று, கூட வந்த பக்கத்து வீட்டம்மா சும்மா இருக்கலாமா, நெற்றியில் இரண்டு. "போதுங்க" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால்தானே!

மேடை ஏறிய பாரத மாதாவைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்த டீச்சர், என் காதோரம் குனிந்தார்: "ஏம்மா, பாரத மாதாவுக்கு எப்பம்மா அம்மை போட்டுச்சு?"

இரண்டு புலி

மாரியம்மன் திருவிழாவன்று பூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறவர் ஒருவர் வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினால் புலி வேஷம் கட்டி வருவதாக நேர்ந்தவர். வழக்கமாக எழுதுகிற ஆள் வரவில்லையாம். ஊர்வலம் புறப்படச் செத்த நேரம்தான் இருந்தது. அன்னிய ஆம்பளை முகத்தை நான் எப்படித் தொட்டு எழுதுவேன்? எழுதினால் தெருவே பிராது சொல்லும். எழுதாவிட்டால் அம்மனுக்கு நேர்ந்தது நின்றுபோகும். அத்தை வேறு சந்தைக்குப் போயிருந்தார்.

கடைசியில் என் வீட்டுக்காரரை அவருக்கு எதிரில் உட்கார வைத்தேன். ஒவ்வொரு வரியாக நான் இவர் முகத்தில் எழுத, அதைப் பார்த்து அவர் கண்ணாடி முன்னால் தன் முகத்தில் எழுதிக்கொண்டார். முடிந்ததும் பட்டறைக்காரர் இரண்டு முகத்தையும் ஒத்துப் பார்த்தார். "அண்ணே, என்னுது பூனை. ஒம்மதுதான் புலி. நீரும் கூட வாரும்" என்று இவர் கையைப் பிடித்து இழுத்தார்.

அந்த நேரம் பார்த்து அத்தை கூடையோடு நுழைந்தார். தன் ஒற்றை மகன் வரி வரியாக நிற்பதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டப்பாவெல்லாம் பரண் ஏறிவிட்டன என்றே நினைத்து, என் கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அத்தை கூடையை இறக்கினார். "ஏத்தா, வாலு எங்க? மொட்டப் புலியவா ஆத்தா முன்னால அனுப்புவ?"

இத்தனை முகம் எழுதியதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான் சகோதரிகளே, சாயம் பூசினால் கூச்சம் போவது பூசுகிறவளுக்கும் இல்லை, பூசிக்கொள்கிறவருக்கும் இல்லை, வேடிக்கை பார்க்கிற மாமியாருக்குத்தான். இந்தா, "ஏத்தா, கரடி வந்திருக்கு, நானே உக்கார வச்சுட்டேன், வெரசா வா" என்று அத்தை கூப்பிடுகிறார், போய் முதலில் கரடி மூக்கைக் கறுப்பாக்கிவிட்டு வந்து மிச்சத்தை…