பதினேழாம் பக்கத்தில் தொடங்கும் புத்தகம்

என் மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்தப் புத்தகம் பதினேழாம் பக்கத்தில் தொடங்குகிறது. எடுக்கும்போதெல்லாம் மேனேஜர் அண்ணாச்சியின் முகம் நினைவுக்கு வரும், வாயில் வசவு வரும். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஒரு காலண்டர் சீசன். சிவகாசியில் அவர் மேனேஜராக இருந்த அச்சகத்தில் நான் புரூஃப் பார்த்தேன். விருதுநகரில் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர், இஸ்லாமியத் தத்துவம் பற்றிப் பல வருடம் உழைத்து எழுதிய புத்தகம் எங்களிடம் அச்சாகிக்கொண்டிருந்தது. அந்தத் தத்துவமே கிரேக்கரிடம் எடுத்த சரக்கு என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொறுக்காது. கிரேக்க நூல்கள் பாக்தாதில் அரபுக்கு வருமுன்பே கேள்வி பிறந்துவிட்டது என்று முதல் பதினாறு பக்கங்களில் வாதாடியிருந்தார். அன்றைய ஆட்சியாளர் சிலர் தங்கள் கொடுமைக்கெல்லாம் 'இறைவன் விதித்தது' என்று சாக்குச் சொன்னார்களாம். அப்படியானால் மனிதன் எதற்குத்தான் பதில் சொல்வான் என்று சிலர் துணிந்து கேட்டார்களாம். புத்தகத்தின் உயிரே அந்தப் பதினாறு பக்கம்தான்.

அந்தத் தாள்கள் அச்சாகி மூலையில் அடுக்கியிருந்தன. பட்டாசுக்கு வெடிக்குழாய் சுற்ற, பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துக்குப் போகும் கழிவுத்தாள் லோடில் மேனேஜர் அவற்றையும் ஏற்றச் சொன்னார்.

"அண்ணாச்சி, அது புத்தகத் தாளு."

"எனக்குத் தெரியாதாலே? போயி உன் சோலியப் பாரு."

போய் என் சோலியைப் பார்த்தேன்.

லோடு போனபிறகு தவறு தெரிந்தும் மிச்சத்தை பைண்டிங் செய்துவிட்டுத்தான் பேராசிரியரை அழைத்தார். அவர் முதல் தாளைப் புரட்டி, பதினேழு என்ற பக்க எண்ணைப் பார்த்தார். "வேர வெட்டிட்டு மரத்தக் குடுக்கீகளே" என்றார். மேனேஜர் அசரவில்லை. "சீசன்ல மறுபடி ஓட்ட முடியாது சார். நம்ம கையில என்ன இருக்கு? எல்லாம் அவன் செயல்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நடந்தது எனக்குத் தெரியும் என்று என் முகமே சொல்லியிருக்க வேண்டும். நான் குனிந்து புரூஃபைப் பார்த்தேன். அவர் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்; ஒரு பிரதி மட்டும் என் மேசையில் தங்கிவிட்டது. அதன்பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

போன மாதம் மேனேஜரின் மகன் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு, இப்போது நான் நடத்தும் அச்சுக்கடைக்கு வந்தான். "மேல 'எல்லாம் அவன் செயல்'னு போட்டுருங்க, அப்பா எப்பவும் சொல்லுறது" என்றான். போட்டுக் கொடுத்தேன். அவன் போனதும் இழுப்பறையைத் திறந்தேன். பதினேழாம் பக்கம். தாள்களை லோடில் ஏற்றியது அவர் செயல். அன்று பேராசிரியர் முன் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அது?