வாசலில் நின்று பாடியவள்

தேயிலைப் பெட்டியைத் தரையில் அப்படியே கவிழ்த்து வைத்து வாசித்தால் சத்தம் அதற்குள்ளேயே அடங்கிப்போகும். ஒரு பக்கத்துக்குச் செங்கல் கொடுத்துச் சற்றுத் தூக்கி வைக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு நேரே ரெக்கார்டரை வைக்க வேண்டும். அதுவும் வெறுந்தரையில் கூடாது, மடித்த கம்பளியின் மேல். இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. கண்டுபிடித்தபோது வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

எழுபதுகளின் கடைசி அது. நான் பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் ரேடியோக் கடையில் வேலைக்கு நின்றேன். கிழமை முழுக்கக் கடையின் பின்னறையில் படுக்கை. சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து, நமுனுகுல பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்துக்குப் போய்விடுவேன். வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம். கடையின் கண்ணாடி அலுமாரியில் கேசட் ரெக்கார்டர்கள் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். மூலை உடைந்து விற்க முடியாமல் போன ஒன்றை முதலாளி எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் தருவார். “பத்திரம் தம்பி, இருக்கிற மூலையையும் ஒடச்சிட்டு வந்துராதீங்க” என்பார். ஒவ்வொரு வாரமும் அதே பேச்சு, அதே சிரிப்பு.

கிட்டார் என்னுடையது. தோட்டத்தை விட்டு மாற்றலாகிப் போன ஒரு கிளாக்கரிடம் வாங்கிய பழசு. அடியில் தடித்த சுருதி கொடுக்கிற பேஸ் என் கூட்டாளியுடையது. அவனுக்குத் தேயிலை ஸ்டோரில் பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை. பலகை கீறிப்போய்க் கழித்துவிட்ட ஒரு பெட்டியை எடுத்து, அதில் ஒரு கம்பை நிறுத்தி, சைக்கிள் பிரேக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தான். கம்பைச் சாய்த்தால் ஒரு சுருதி, நிமிர்த்தினால் ஒரு சுருதி. நேரில் கேட்கும்போது நெஞ்சுக்குள் தும் தும் என்று இறங்கும். பதிந்து கேட்டால் மட்டும் எல்லாம் நாசம். கிட்டார் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருக்கும். பேஸ் வந்ததா இல்லையா என்று எங்களுக்குள் சண்டையே வரும்.

ஒரு தடவை மட்டும் பேஸ் ஆஹா ஓஹோ என்று வந்தது. நான் ஏதோ சாதித்துவிட்டதாக, வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மறுவாரம் புது பேட்டரி போட்டுக் கேட்டபோது பழைய தகரச் சத்தமே திரும்பி வந்தது. பேட்டரி இறங்கி நாடா மெதுவாக ஓடியதால்தான் முன்பு அப்படிக் கனமாகக் கேட்டிருக்கிறது. கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை.

எனக்கு அந்தப் பிசாசு பிடித்துவிட்டது. சுவர் மூலையில் உட்கார்ந்து வாசித்தால் கிட்டாருக்குக் கனம் கூடுகிறது என்று கண்டேன். கிட்டாரின் அடியை அம்மாவின் மரப்பெட்டியில் முட்டுக்கொடுத்து வாசித்தால், பெட்டியும் சேர்ந்து பேசுகிறது என்று கண்டேன். கூரைத் தகரம் சத்தத்தைத் திருப்பி அடிக்காமலிருக்க, வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் கயிற்றில் தொங்கவிட்டேன். மலையில் கொழுந்தெடுக்கும்போது அம்மா போர்த்திக்கொள்ளும் கம்பளியும் அதில் ஒன்று. “ஒங் கிட்டாருக்குக் குளுருதாக்கும்” என்று அம்மா கேலி செய்தாள். கேலி செய்துகொண்டே அவள்தான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கட்டினாள்.

இந்த நேரத்தில்தான் தங்கச்சியின் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது.

எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தவர்கள். அதே தோட்டத்தில் மேல் லயம்தான் அவள் வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரம். இனி அவள் ரயில் கோச்சியில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். திரும்பி வருவது லேசான காரியமல்ல என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போனவர்களில் யாரும் திரும்பி வந்ததில்லை.

அம்மா அழவில்லை. சோறு போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

“தம்பி, ஒம் பாட்டுப் பொட்டியில ஏம் புள்ள கொரலப் புடிச்சுக் குடுப்பா. அவ போனதுக்கப்புறம் நெனச்ச நேரம் கேட்டுக்கிட்டுக் கெடப்பேன்.”

“இதென்னம்மா பெரிய வேல, ஜாம் ஜாம்னு செஞ்சு தாறேன்” என்றேன்.

அம்மா கேட்டது அது ஒன்றுதான். அதற்குமுன் என்னிடம் அவள் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தங்கச்சிக்குப் பெரிய குரல். மாரியம்மன் கோயில் திருவிழாவில் மைக் பழுதானால், “அந்தப் புள்ளயக் கூப்புடு, மைக் வேணாம்” என்பார்கள். கொழுந்து மலையில் அவள் பாடினால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எடுக்கிற பெண்கள் பதில் பாடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கோயிலுக்குப் போகிறவள்போலச் சேலை கட்டி வந்திருந்தாள். ரெக்கார்டருக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு தடவை செருமிக்கொண்டாள்.

முதல் தடவை பதிந்து கேட்டோம். அவள் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல அப்படியே இருந்தது. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். ஆனால் எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அந்த ரெக்கார்டருக்கு ஒரு குணம் உண்டு. பெரிய சத்தம் எது வந்தாலும் அது தானாகவே மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். அவள் வாயைத் திறந்ததும் என் கிட்டார் குழிக்குள் விழுந்துவிட்டது. பேஸ் இருந்த இடமே தெரியவில்லை. அவள் மூச்சுவிடும் இடைவெளியில் மட்டும் நாங்கள் தலையைக் காட்டிவிட்டு ஓடினோம்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு புள்ள” என்றேன்.

தள்ளி உட்கார்ந்தாள். போதவில்லை. கதவருகே நிற்கச் சொன்னேன். போதவில்லை. வாசலைத் தாண்டி, எங்கள் காம்பரா வீட்டுக்கு முன்னால் திண்ணைபோல இருந்த இஸ்தோப்பில் நிற்கச் சொன்னேன். அங்கே காற்று. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். இன்னும் ஓரடி பின்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

“இன்னும் தள்ளுனா இந்தியாவுக்கே போயிருவேன்ணே” என்றாள்.

கூட்டாளி சிரித்தான். நான் அவனைவிடச் சத்தமாகச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்தும் நான் “ரெடியா, ஆரம்பிக்கலாமா” என்று கேட்டேன். எனக்கு அந்த நேரத்தில் பேஸ்தான் உலகம்.

அப்படி, முதல் பதிவை அழித்து அதன் மேலேயே பதிந்ததுதான் அந்தக் கேசட். போட்டுக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. பேஸ் தரையிலிருந்து எழும்பி வந்தது. கிட்டாரின் தடித்த கம்பிகள் மரப்பெட்டியையும் சேர்த்துக்கொண்டு உறுமின. கூட்டாளி என்னைத் தூக்கிச் சுற்றினான். தங்கச்சி குந்தி உட்கார்ந்து கேட்டாள். தன் குரல் வந்த இடத்தில் தலையைச் சாய்த்து இன்னும் கிட்டப் போனாள். அது எங்கோ தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று யாரோ பாடுவதுபோலக் கேட்டது.

“நல்லாருக்குண்ணே” என்றாள். பிறகு, “அண்ணே, கிட்டாரு இல்லாம நான் மட்டும் ஒன்னு பாடட்டா? அம்மாவுக்கு” என்றாள்.

கேசட்டின் மறுபக்கம் வெறுமையாக இருந்தது. அவள் கேட்டதும் ஒரே ஒரு பாட்டுத்தான். ஆனால் எனக்கு ஆரம்பத்தில் வருகிற பேஸை மட்டும் இன்னொரு முறை நன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

“பேட்டரி எறங்கப் போவுது புள்ள. அடுத்த ஞாயித்துக்கிழமை புதுசு போட்டு நீ மட்டும் பாடு. ஒரு பக்கம் முழுக்க ஒனக்குத்தான்.”

“சரிண்ணே” என்றாள். அவள் எதற்கும் மறுபேச்சுப் பேசாதவள். அவள் மேல் லயத்துக்குப் போன பிறகு, மிச்சமிருந்த பேட்டரியில், கூட்டாளியை வாசிக்கச் சொல்லி அந்தப் பேஸை மறுபக்கத்தில் திரும்பத் திரும்பப் பதிந்தேன்.

திங்கட்கிழமை கேசட்டைக் கடைக்குக் கொண்டுபோனேன். அம்மாவிடம், முதலாளிக்குப் போட்டுக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றேன். பதுளையில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிற ஒரு கோஷ்டியின் தலைவர் பேட்டரி வாங்கக் கடைக்கு வருவார். அவருக்குப் போட்டுக் காட்டினேன். “இத எந்த ஸ்டூடியோவுல எடுத்தீங்க?” என்று கேட்டார். லயத்துக் காம்பராவில் என்று சொன்னபோது நம்பவில்லை. கேசட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வரச் சொன்னார். பாடியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போகவில்லை. ஊர்க்காரர் ஒருவரிடம், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவது சுலபம். உண்மையில் அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அம்மா பின்னால் சொல்லித்தான் தெரியும், அன்றைக்கும் தங்கச்சி எண்ணெய் வைத்துச் சீவி வந்து, ஒருவேளை வந்துவிடுவேனென்று கடைசி பஸ் வரும்வரை வாசலில் காத்திருந்திருக்கிறாள்.

கிழமை நடுவில் தங்கச்சி வீட்டாருக்குக் கப்பல் தேதி தகவல் வந்து, உடனே புறப்பட்டுவிட்டார்கள். பதுளை ஸ்டேஷனுக்கு நான் கடையிலிருந்து ஓடினேன். கோச்சி நிற்கும்போதே அழுகைச் சத்தம் தெருவரை கேட்டது. தகரப்பெட்டிகளும் மூட்டைகளும் பிள்ளைகளுமாக நெரிசல். தங்கச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்திக் கத்தி அழுததில் குரல் கட்டிப்போயிருந்தது.

“அம்மாகிட்ட கேசட்டக் குடுத்துட்டியாண்ணே?”

“குடுத்துட்டேன் புள்ள” என்றேன்.

கேசட் அப்போது கோஷ்டித் தலைவர் வீட்டில் இருந்தது. கோச்சி நகர்ந்தது. அவள் கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அம்மா பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியாகத் தங்கச்சியிடம் நான் சொன்ன வார்த்தை பொய். அதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் பொய்தான்.

அவள் நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. சில வருஷத்தில் இங்கே கலவரம், பிறகு கப்பலும் நின்றது. நான் கோஷ்டியில் சேர்ந்து, கிட்டாரை விட்டுப் பேஸுக்கு மாறி, பண்டாரவளை, மடுல்சீமை என்று கல்யாண வீடு கல்யாண வீடாகப் பேஸ் வாசித்துப் பெயரெடுத்தேன். உங்கள் பேஸ் மட்டும் எப்படி இவ்வளவு நிறைவாக வருகிறது என்று கேட்பவர்களுக்குச் செங்கல், கம்பளி, சுவர் மூலை எல்லாம் ஒளிக்காமல் சொல்வேன். பாடுகிறவளை எங்கே நிறுத்தினேன் என்பதை மட்டும் சொன்னதில்லை.

அவள் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேசட்டை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன். ரெக்கார்டரை அவள் முன்னால் வைத்துப் போட்டேன். தும் தும் என்று பேஸ் வந்தது. அம்மா காதைக் கொண்டுபோய்ப் பெட்டியோடு ஒட்டவைத்தாள். பாட்டு வரும் இடம் வந்தது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

“கொஞ்சம் கூட்டி வையி தம்பி.”

கூட்டினேன். கிட்டார் கூடியது. பேஸ் கூடியது. அவள் குரல் இருந்த இடத்திலேயே இருந்தது. குமிழ் அதற்குமேல் திரும்பவில்லை.

அம்மா எழுந்தாள். வாசலைத் தாண்டி வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். எட்டிப் பார்த்தேன். இஸ்தோப்பில், நான் கையைக் காட்டித் தங்கச்சியை நிறுத்திய அதே இடத்தில், சேலையைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

“இங்கனருந்துதானே பாடுனா” என்றாள். “இங்க நின்னா நல்லாக் கேக்குதுப்பா. நிப்பாட்டிராத.”

நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அங்கே என் பேஸ் மட்டும்தான் கேட்டது.