மெத்தைக்கு அடியில் சிமெண்ட்

எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஜீப் காலியாக வந்தால் தூக்கிப் போடும், பாரம் ஏற்றினால் அடங்கும். அதனால் பிரசவமான பெண்ணையோ ஆபரேஷன் முடிந்தவரையோ மேலே கொண்டுவருவதென்றால் முதலில் பின்னால் மூட்டைகளைப் போட்டுவிட்டுத்தான் ஆளை ஏற்றுவார்கள். மூட்டை கிடைக்காவிட்டால் மணலாவது அள்ளிப் போடுவார்கள். இது பொய்யில்லை. பாரம் இழுக்கக் கட்டிய வண்டிக்கு இது உண்மைதான். அந்த உண்மைதான் என் வீட்டைக் காலி செய்தது.

ஜீப் அப்பா வாங்கியது. அவர் போனபிறகு அண்ணன் பேருக்கு மாறியது. அவன் ஓட்டுவான். நான் அதன் அடியில் படுத்து ரிப்பேர் பார்ப்பேன். ஆலங்காயத்திலிருந்து ஏறிவந்தால் ஒரு இடத்தில் தார் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து எங்கள் ஊர் வரைக்கும் பாறையும் பள்ளமும்தான். பாதை என்று பேருக்குச் சொல்கிறோம். இறங்கும்போது புளி மூட்டை, ஏறும்போது சிமெண்ட், ரேஷன் அரிசி, இடம் மிச்சமிருந்தால் ஆட்கள். இதைத் தாங்குவதற்காகப் பின்சக்கர ஸ்பிரிங்கில் கூடுதலாக இரும்புப் பட்டைகளைச் சொருகி இறுக்கியிருந்தார்கள். ஷாக் அப்சார்பர் ஒடிந்தபோது கழற்றி எறிந்ததோடு சரி, திரும்ப மாட்டவில்லை. மூட்டைக்கு வலிக்கவா போகிறது என்று அண்ணன் கேட்பான்.

என் மனைவிக்கு வலித்தது. மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வரும்போது ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தாள். முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்தார்கள். படுத்தபடிதான் வண்டியில் போகவேண்டும், குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். எங்கள் பாதையை நினைத்துப் பார்த்துவிட்டு அவளை ஆலங்காயத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டேன். கொஞ்ச நாளைக்கு என்றுதான் விட்டேன்.

அது நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு முறை போகும்போதும் அவளுடைய துணியில் இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார்கள். மாமியார் பக்கத்துத் தெருவில் தையல் வேலைக்குப் பேசிவைத்திருப்பதாகச் சொன்னார். உட்கார முடிந்ததும் போகலாமாம். மழை பிடித்தால் எங்கள் பாதை அறுத்துக்கொண்டு போய்விடும், பிறகு மாதக்கணக்கில் வண்டி ஏறாது. மழைக்கு முன்னால் வராவிட்டால் அவள் வரவே மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் நேராகவே கேட்டேன்.

"வண்டி தூக்கிப் போடாம இருந்தா நாளைக்கே வர்றேங்க. எனக்கு இன்னா, இங்கயே கெடக்கணும்னு வேண்டுதலா?" என்றாள்.

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

துரு ஏறிய போல்ட்டுகளைக் கழற்றுவதற்குள் கை கிழிந்தது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டைகளை உருவினேன். ஓட்டிப் பார்த்தால் வண்டி மெத்தென்று போனது. ஆனால் வளைவில் குடித்தவன் மாதிரி சாய்ந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் அதோடு நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு பட்டையைத் திரும்பச் சொருகினேன், ஆட்டம் குறையவில்லை. பட்டை குதிப்பதைத் தாங்கும், நிறுத்தாது. நிறுத்துவதற்கு ஷாக் அப்சார்பர் வேண்டும். வாணியம்பாடிக்குப் போய் வாங்கிவந்து மாட்டினேன். சக்கரத்தில் காற்றையும் கொஞ்சம் இறக்கினேன்.

முட்டை வைத்துச் சோதித்தேன். எங்கள் ஊருக்கு முட்டை மடியில்தான் வரும், வண்டியில் வைத்தால் பாதி கூழாகிவிடும். நான் ஒரு அட்டை முட்டையை, அவள் படுக்கப்போகும் இடத்தில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே வைத்து ஏறினேன். மேலே வந்து பார்த்தால் ஒன்றிரண்டில் கீறல், அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

அண்ணனிடம் தெளிவாகச் சொன்னேன். இப்போது இது ஆள் ஏற்றுகிற வண்டி, பாரம் தாங்காது, அவளைக் கொண்டுவந்து சேர்த்ததும் பட்டைகளைத் திரும்பப் போட்டுத் தருகிறேன், அதுவரைக்கும் ஒரு மூட்டைகூட ஏற்றாதே என்றேன். சரிடா சரிடா என்றான். அவன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அவளைக் கூட்டிவரும் நாளில் நான் தார் ரோடு வரைக்கும் நடந்து முதல் பஸ்ஸில் போய் அவளைத் தயார் செய்து வாசலில் நிறுத்தியிருந்தேன். இடுப்பில் பெல்ட் போட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜீப் வந்தது. பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். மெத்தை விரித்திருந்தது. மெத்தைக்கு அடியில் சிமெண்ட் மூட்டைகள்.

"இன்னாணா இது?"

"ஒம் பொண்டாட்டிக்குத்தான்டா. சும்மா வந்தா தூக்கிப் போடாதா?"

"பட்டைய உருவிட்டேன்னு சொன்னனா இல்லியா?"

"உருவுனா மெத்துன்னு ஆச்சு. மூட்டையும் போட்டா இன்னும் மெத்துன்னு ஆவும். இதுக்கு இன்னா படிப்பு வேணும்?"

அது அப்படி இல்லை என்று சொன்னேன். பட்டை குறைந்த வண்டியில் பாரம் ஏற்றினால் ஸ்பிரிங் முன்னாலேயே முழுசாக அமுங்கிவிடும், அப்புறம் பள்ளத்தில் அமுங்க இடம் இருக்காது, அச்சு நேராக மேலே போய்ச் சட்டத்தில் இடிக்கும் என்றேன். நடுத்தெருவில் கத்தித்தான் சொன்னேன். யார் வீட்டு சிமெண்ட் என்றும் கேட்டேன். பக்கத்து ஊரில் ஒருவர் வீடு கட்டுகிறார், போகிற வழியில் இறக்கவேண்டும் என்றான். அவளுக்காக ஏற்றினானா, வாடகைக்காக ஏற்றினானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று அவன் நினைத்திருப்பான். அவனுக்கு அதில் ஒரு தப்பும் தெரிந்திருக்காது.

நான் ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தேன். மாமியார் என் கையைப் பிடித்தார்.

"தெருவுல சண்ட வேணாம் மாப்ள. பாரம் கீறது நல்லதுதான். எம் பெரிய பொண்ணப் புள்ள பெத்து அப்படித்தான் கூட்டினு வந்தோம்."

நான் என் மனைவியிடம் ஏறாதே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அண்ணன் அதற்குள் அவள் பையை உள்ளே வைத்துவிட்டான். அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. ஏறிப் படுத்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தார் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். மண் பாதையில் முதல் பாறையில் ஏறி இறங்கியதும் அடியிலிருந்து சம்மட்டியால் அடித்த மாதிரி சத்தம் வந்தது. அவள் கத்தவில்லை. என் சட்டையைப் பிடித்தாள். அடுத்ததில் பிடி இறுகியது. மெதுவாகப் போ என்றேன், போனான். மெதுவாகப் போனாலும் அடி அடிதான். மூன்றாவதோ நான்காவதோ இடித்தபோது நிறுத்தச் சொன்னாள். இறக்கி ஒரு பாறையில் உட்கார வைத்தேன். முகமெல்லாம் வியர்த்திருந்தது. திரும்பக் கீழே கொண்டுபோய் விடச் சொன்னாள், அவ்வளவுதான்.

மூட்டையோடு இந்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது, போய் சிமெண்டை இறக்கிவிட்டு வருகிறேன் என்றான் அண்ணன். போய்விட்டான். மெத்தையை உருவி எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனான், அந்த அளவுக்கு அக்கறை இருந்தது.

அவளை வழியோரம் மெத்தையில் படுக்க வைத்துவிட்டுக் குடைபிடித்த மாதிரி துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆடு ஓட்டிக்கொண்டு போனவர் இன்னா ஆச்சு என்று கேட்டார். போங்க என்றேன்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு ஜீப் காலியாக வந்தது. மெத்தையைப் போட்டு அவளை ஏற்றினேன். இறங்கும்போது அதே பாறைகள்தான், அதே பள்ளங்கள்தான். வண்டி ஒவ்வொன்றிலும் மெதுவாக அமுங்கி, ஒரே தடவை எழுந்து, அடங்கியது. சத்தமே இல்லை. என் சட்டையைப் பிடித்திருந்த கையை அவள் விட்டாள். தார் ரோடு வரைக்கும் மேலே ஜீப்பின் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நல்லாத்தாங்க பண்ணிக்கீறீங்க," என்றாள்.

நாளைக்கே இப்படிக் காலி வண்டியில் கூட்டிப் போகிறேன் என்றேன். முன்னால் அண்ணன் ஏதோ ஹம் செய்துகொண்டிருந்தான்.

"வேணாங்க. நீங்க பண்ண வண்டியிலயே உங்க பேச்சு எடுபடல. நான் அங்க வந்து படுத்துக்கெடந்தா எனக்கோசரம் யாருகிட்ட சண்ட போடுவீங்க, எத்தினி நாளைக்குப் போடுவீங்க?"

அந்த வாரமே மழை பிடித்தது.

அவள் இப்போது தையல் வேலைக்குப் போகிறாள். முதுகு தேறிவிட்டது. நான் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி எனக்குச் சோறு போடுகிறார்கள். பட்டைகளை அண்ணன் எனக்குச் சொல்லாமலே செங்கத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து மாட்டிக்கொண்டான். ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டான். மூட்டை வைத்து மெத்தை போட்டுக் கூட்டிவந்தும் அந்தப் பொண்ணுக்கு மலை பிடிக்கவில்லை என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறான். எல்லாரும் தலையாட்டுகிறார்கள்.

மழை விட்டுப் பாதை சரியானதும், போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் பிரசவமாகிக் குழந்தையோடு வந்தாள். பின்னால் அரிசி மூட்டைகள், மேலே மெத்தை. பட்டையெல்லாம் திரும்ப ஏறிவிட்டதே, வண்டி அடங்கித்தான் வந்தது. குழந்தை தூக்கத்திலிருந்து எழவில்லை. இறங்கியதும் அந்தப் பெண்ணின் மாமியார் அண்ணனுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பாத்தியாடா?" என்றான்.

பார்த்தேன். அரிசி மூட்டையை இறக்க ஒரு கை பிடிக்கச் சொன்னான். பிடித்தேன்.