கொழுந்தோடு வாடிய லேப்டாப்

லேப்டாப் ரிப்பேர் என்பது கால்வாசி ஸ்க்ரூ கழற்றுவது, முக்கால்வாசி பொய் கேட்பது. கடையில் நிற்கிற சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு இது தெரியும். எனக்குப் பதினேழு வயது. தினமும் பாலிடெக்னிக் வகுப்பு விட்டதும் குன்னூரில் பாஸ்கரண்ணன் கடைக்கு வந்துவிடுவேன். கஸ்டமர் படியிறங்கியதும் அவர் குரலிலேயே பேசிக் காட்டுவது என் வியாதி. ஒருநாள் ஒருத்தர் மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்து, தன் குரலைத் தானே கேட்டுவிட்டார். அன்றைக்கு அண்ணன் சொன்னது: "இந்த மாசம் பூரா எவன் குரலும் உன் வாயில வரக்கூடாது. வந்தா வேலையை விட்டு நின்னுக்க. வரலைன்னா சால்டரிங் அயர்ன் உன் கையில."

சால்டரிங் அயர்ன் பிடித்துப் பற்றவைக்கிற போர்டு வேலை கற்கத்தான் நான் இந்தக் கடைக்கே வந்தது. வாயைத் தைத்துக்கொண்டேன்.

கேத்தியில் பெய்த பனி

கேத்தியிலிருந்து ஒரு கேரட் விவசாயி லேப்டாப்பைக் கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, திரை கறுப்பு. தண்ணீர் பட்டதா என்று கேட்டால், "சொட்டுக்கூடப் படலைங்க" என்று தலையில் அடித்துச் சத்தியம். அடிமூடியைக் கழற்றினேன். என் மடியில் அரை டம்ளர் கொட்டியது. கூடவே செம்மண், ஒரு கேரட் துணுக்கு! கேரட் கழுவுகிற இடத்தில் வைத்துப் படம் பார்த்திருக்கிறார். நனைந்த சுடிதாரோடு நான் முறைக்கிறேன், அவர் குனிந்து பார்த்து நிதானமாகச் சொல்கிறார்: "அது தண்ணி இல்ல கண்ணு, பனி."

வட்டம் பட்ட பாடு

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் ஒரே மாதத்தில் மூன்றாவது முறை வந்தார். அப்டேட் ஓடும்போது பாதியில் அணைத்துவிடுவார். அப்புறம் அது பூட் ஆகாது. நான் ராத்திரி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றவேண்டும். "அணைக்காதீங்கன்னு பெரிய எழுத்துல வருமே சார்?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் இழுத்து இழுத்துப் பேசுகிற குரல் என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. விழுங்கினேன். அவர் சொன்னார்: "படிச்சேம்மா. ஆனா அந்த வட்டம் பாவம், ஒரு மணி நேரமா சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தேன்."

தொட்டிக்காரர் சொன்ன சாட்சி

மாதம் முடிய இரண்டே நாள். ஜெகதளா பக்கத்து டீ ஃபேக்டரி கிளார்க் ஒரு செத்த லேப்டாப்பை மேஜையில் வைத்தார். "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுருச்சு." மூக்கால் பேசுகிற மெல்லிய குரல், எனக்கு லட்டு மாதிரி. அவர் டீ குடிக்கப் போனதும் திறந்தேன். ஃபேன் இடுக்கில் வதங்கிய தேயிலைக் கொழுந்து! இது எப்படி உள்ளே போனது? நனைந்ததா இல்லையா என்று தெரியாமல் பவர் கொடுத்தால் போர்டே போய்விடும். கேட்டால் இவர் உண்மையைச் சொல்லப் போகிறாரா?

கொதிப்பில் கை தானாகப் போனது. ரசீதில் அவர் எழுதிய ஃபேக்டரி நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டேன்: "ஏனுங்க, என் லேப்டாப்பை நேத்து என்னுங்க பண்ணினேன்?"

எடுத்தவர் அடியிலிருந்து காற்று விட்டுக் கொழுந்து வாட்டும் தொட்டியில் வேலை பார்க்கும் பெரியவர். "என்னங்க ஐயா, மறந்துட்டீங்களா? மழையில நனைஞ்சிருச்சு, காயட்டும்னு நீங்கதானே தொட்டியில கொழுந்தோட வெச்சீங்க. நான் ரெண்டு தடவை திருப்பிக்கூடப் போட்டேனே!"

நிமிர்ந்தால் வாசலில் கிளார்க். அவர் பின்னால் பாஸ்கரண்ணன். போச்சு, என் சால்டரிங் அயர்ன் போச்சு. கிளார்க்குக்குக் காது வரை சிவந்துவிட்டது. "என் குரல்ல பேசுது இந்தப் பொண்ணு! இப்பவே வேலையை விட்டு நிறுத்துங்க!"

அண்ணன் என்னைப் பார்த்தார், ஃபேனில் இருந்த கொழுந்தைப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து சால்டரிங் அயர்னை எடுத்து என் பக்கம் தள்ளினார். பிறகு கிளார்க்கிடம் திரும்பி, மூக்கைச் சுருக்கி, அச்சு அசல் அதே மெல்லிய குரலில் சொன்னார்: "நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, தானா பேசிருச்சு."

லேப்டாப் ஏன் எழவில்லை என்பது கொண்டுவருகிறவருக்கு எப்போதும் தெரியும், ஆனால் அவர் வாயைத் திறக்கிற ஸ்க்ரூ டிரைவர் இன்னும் கடைக்கு வராததால், அவர் குரலை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.