இடிப்பதற்கு முன்னால்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பம்பர். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துப் பிரிவில் வேலை. போனை எடுத்ததும், எதிர்முனையில் அழுகிறார்களா கத்துகிறார்களா என்றுகூடப் பார்க்காமல், "பம்பர் போச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். பாதிப் பேருக்குப் போயிருக்கும். மீதிப் பேர் "இல்ல சார்" என்று சொல்லும்போதே கொஞ்சம் தெம்பாகிவிடுவார்கள்.

அப்புறம் நேரில் போவார். நொறுங்கிய வண்டியை நாலு பக்கமும் படம் பிடிப்பார். இருபது வருஷத்துக்குப் பக்கமாக இதே கதைதான். எந்தச் சந்தில், எந்த மாதிரி ஆள், எப்படி இடிப்பான் என்பதெல்லாம் மனிதருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு தடவைகூட இடிப்பதற்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்ததில்லை. இந்த நினைப்பு சில வருஷங்களாகவே அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. காலையில் சட்டைப் பொத்தான் போடவே கை வராது.

இந்த லட்சணத்தில் மேலாளர் கூப்பிட்டு, பிரிவுத் தலைவர் ஆகிறீர்களா என்று கேட்டார். தனி அறை, கதவில் பெயர்ப் பலகை. மற்றவர்கள் பிடித்து அனுப்பும் உடைந்த வண்டிப் படங்களை உட்கார்ந்த இடத்தில் பார்த்தால் போதும். மாசக் கடைசிக்குள் பதில் வேண்டும். பதவி உயர்வைக் கேட்டு வெலவெலத்துப் போகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அந்த அறைக்குள் போனால் பிறகு ஓய்வு பெறும்போதுதான் வெளியே வரலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அதே சமயம் வீட்டில் வேறொரு கூத்து. மாமியார் கார் ஓட்டப் பழக ஆரம்பித்திருந்தார். அந்த அம்மாள் செடி, பூந்தொட்டி விற்கும் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளர் வீட்டுக்குத் தொட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவந்த மாமனாருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. சரி, நானே ஓட்டுகிறேன் என்று அம்மாள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்தவன் கத்தினான். இவர் அவனைவிடப் பெரிதாகக் கத்தினார். பள்ளி முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். அடுத்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பாடம் தெருமுனை வரைக்கும்தான் தாங்கியது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி கடைசியில் நம்மவரைப் பிடித்தாள். "நீங்களே சொல்லிக்குடுங்க. ஆனா ஒண்ணு, எங்கம்மாகிட்ட குரலை உசத்தக் கூடாது."

மாமியாரிடம் குரலை உயர்த்துவதா? எதிரே உட்காரவே யோசிக்கிற மாப்பிள்ளை அவர்.

முதல் நாள் வீட்டு வாசலிலேயே வினை. வண்டி நேராக வெளிக்கதவுத் தூணைப் பார்த்துப் போனது. ஓட்டுவது வேறு யாராக இருந்தாலும் "பிரேக்!" என்று ஒரு அலறல் போட்டிருப்பார். மாமியார் ஆயிற்றே! "அத்தை, நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கலைன்னா, காலைக் கொஞ்சம்..." என்று மரியாதையாய் ஆரம்பித்து அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் டமால்.

இறங்கினார். பழக்க தோஷம் விடுமா? நாலு பக்கமும் படம் பிடித்தார். பம்பர் போயிருந்தது.

அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஏன் மாப்பிள்ளை, இடிச்சப்புறம் படம் புடிக்கிறதுக்கா உங்களைப் பக்கத்துல உக்கார வச்சிருக்கேன்? முன்னாடியே சொல்லலாம்ல?"

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் இவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தார். மரியாதையான வாக்கியம் நீளமானது. அதைச் சுருக்கவும் முடியாது. அப்படியானால் சீக்கிரமே ஆரம்பித்துவிட வேண்டியதுதான். நாலு வீட்டுக்கு முன்பிருந்தே பேச்சைத் தொடங்கினார். "அத்தை, அதோ நிக்குற வேன்ல ஆள் இருக்கு. கதவைத் திறந்தாலும் திறப்பாரு. நாம கொஞ்சம் தள்ளியே போயிடுவோமா?"

"போயிட்டா போச்சு," என்று அத்தை சாவகாசமாக வண்டியை ஒதுக்கினார். இவர்கள் கடக்கும்போது வேன் கதவு படீரென்று திறந்தது. கார் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அத்தை, ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. அத்தைக்குப் பதறிப்போயிற்று. "என்ன மாப்பிள்ளை, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"ஒண்ணும் ஆகல அத்தை. பாருங்க, ஒண்ணுமே ஆகல!" என்று அவர் சிரித்தார். இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று அத்தைக்கு விளங்கவே இல்லை.

மூன்றே வாரத்தில் அத்தை உரிமத் தேர்வில் தேறினார். தேறிய கையோடு பயிற்சிப் பள்ளி வாசலுக்கே காரை ஓட்டிப்போய் நிறுத்தி, முதலாளியை வெளியே வரவழைத்து, ஹாரனும் அடித்தார். முதலாளி வாயைப் பிளந்தார். அத்தையைப் பார்த்து அல்ல, பக்கத்தில் தேமே என்று உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்து. "சார், இந்தம்மாவுக்கே நீங்க கத்தாம சொல்லிக்குடுத்தீங்களா? எங்கிட்ட வேலைக்கு வர்றீங்களா?"

இவருக்கு அங்கேயே தலையாட்டிவிடத் தோன்றியது. ஆனால் சம்பளம் குறையும். பிரிவுத் தலைவர் எங்கே, தெருத்தெருவாகச் சுற்றும் வாத்தியார் எங்கே? மனைவியிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? மாசத்தின் கடைசி நாளும் வந்துவிட்டது. சாயங்காலம் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றார். மென்று விழுங்கி, இழுத்து, ஒரு வழியாகச் சொல்லி முடித்தார்.

அவள் கையிலிருந்த தட்டை வைத்தாள். "எனக்குப் பயமாத்தான் இருக்கு. கைக்கும் வாய்க்குமா இழுத்துக்கிட்டு நிக்கும்."

"அப்ப வேணாம், விடு," என்றார் உடனே. அந்தத் தனி அறை கண்முன் வந்தது.

"நான் இன்னும் முடிக்கல. இந்த மூணு வாரமா சாப்பிட உக்காந்தா எங்கம்மா வண்டி ஓட்டுற கதையா சொல்லிச் சிரிக்கிறீங்க. அதுக்கு முன்னாடி நீங்க எங்கிட்ட கடைசியா எப்பப் பேசினீங்கன்னு நேத்து யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு ஞாபகமே வரலங்க."

அவர் அவள் வைத்த தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"இப்பவே மேலாளருக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடுங்க," என்று அவள் அடுத்த தட்டை எடுத்தாள். "சொல்லிட்டு வந்து இங்கயே உக்காருங்க."