நாற்பத்தாறுக்கு ஒட்டு

என் கணவரை எல்லோரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமா தியேட்டரில் இருட்டில் தடுமாறி வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இருக்கை காட்டுவது அவர் வேலை. முப்பத்தொரு வருடம் அதைச் செய்தார். ஒரு படத்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தையும் அறுபது தடவையாவது நின்றுகொண்டே பார்த்திருப்பார், துண்டு துண்டாக. கதையெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. வில்லனின் கார் நம்பர் என்ன, சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன, கதாநாயகி எத்தனை தடவை குடை பிடித்தாள், இதெல்லாம்தான் வேண்டும்.

மறுநாள் காலை பேப்பர் வந்ததும், அதில் இருக்கும் செய்தியையும் படத்தில் பார்த்ததையும் முடிச்சுப் போடுவார். முடிச்சு விழுந்துவிட்டால் அதற்குப் பெயர் ஒட்டு.

ஒரு படத்தில் வில்லன் வாத்து வளர்த்தான். படம் ஓடுவது நூற்றைம்பத்து மூன்று நிமிடம். அந்த வாரமே எங்கோ ஓடுபாதையில் வாத்துக் கூட்டம் உட்கார்ந்துகொண்டு ஒரு விமானத்தைக் கிளம்ப விடவில்லை. விமானத்தில் இருந்தவர்கள் நூற்றைம்பத்து மூன்று பேர்.

“ஒட்டு விழுந்திருச்சு, கணக்கு” என்றார். நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதுதான் பேர்.

“விழட்டும். காபி ஆறுது.”

“வாத்து எதுக்கு அடையாளம், சொல்லு பாப்போம்.”

“வாத்துக்கு.”

“படிச்சவ பேசற பேச்சா இது? வாத்து தண்ணியில கெடந்தாலும் நனையாது. வில்லன் எந்தக் கேஸ்லயும் மாட்டமாட்டான்னு டைரக்டர் சொல்றான்.”

“அப்ப பிளேன்?”

“அது மாட்டிக்கிச்சு. ஒண்ணு தப்பிச்சா இன்னொண்ணு மாட்டணும். அதான் ஒட்டு.”

நூற்றைம்பத்து மூன்றின் மூன்று இலக்கங்களையும் தனித்தனியே, 5×5×5 என்பதுபோல், மும்முறை பெருக்கிக் கூட்டினால் மறுபடி நூற்றைம்பத்து மூன்றே வரும். புதுப் பெண்ணாக வந்த சமயம், புத்திசாலி என்று காட்டிக்கொள்ள நான்தான் அவரிடம் இதைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தன்னைத் தானே பெற்றெடுத்த நம்பர் என்று அதற்குப் பட்டம் சூட்டி, தியேட்டரில் முறுக்கு விற்பவர் வரை சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு நாளைக்கு நம் கண்ணில் ஆயிரம் எண்கள் படும், அதில் இரண்டு ஒன்றாக இல்லாவிட்டால்தான் ஆச்சரியம் என்று பல தடவை விளக்கியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்பார். “ஆயிரம் படுது, சரி. எல்லார் கண்ணுலயும்தானே படுது? எனக்கு மட்டும்தானே தெரியுது?” என்பார்.

நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம் அவர் பார்த்ததில்லை. ஒட்டு விழுந்தால் உலகம் கழன்றுவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நிம்மதி, அவ்வளவுதான். அது வெறும் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வரைக்கும்.

இதயத்தில் மூன்று அடைப்பு. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மதியத்துக்குள் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். இவர் போட மாட்டேன் என்றார்.

“பெட் நம்பர் நாப்பத்தாறு. பேப்பர்ல நாப்பத்தாறே இல்ல. பத்தரைக்குப் படமும் கிடையாது, நம்ம மார்னிங் ஷோ பதினொண்ணு. நாலு நாளா எதுவுமே எதோடயும் ஒட்டல. ஒட்டாத எடத்துல உள்ள போனா வெளிய எப்படி வர்றது?”

என் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். “அத்தான், டாக்டர் உங்க நெஞ்சைத்தான் ஒட்டப் போறாங்க. அது போதாதா?”

“நீ சும்மா இரு மாப்ள. உனக்கு இது புரியாது.”

“புரியாம இருக்கறதாலதான் நான் நல்லா இருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தள்ளிப்போட்டால் தாங்காது என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அதனால் நானே ஒரு ஒட்டு தயாரிக்கத் துணிந்தேன்.

“என்னங்க, நாலும் ஆறும் எவ்வளவு?”

“பத்து.”

“ஆபரேஷன் எத்தனை மணிக்கு?”

ஒரு கணம் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. “பத்தரை. அரை எங்க?”

யோசிக்க நேரமில்லை. “நாம இருக்கறதே அறைதானே” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல. “அது வல்லின ற. இது இடையின ர. நோயாளின்னா ஏமாத்தலாம்னு பாக்கறியா?”

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

அப்போது நர்ஸ் படிவத்துக்காக வந்தார். காதில் ஃபோன். “நாளைக்கு தியேட்டர் ஃபுல்லுங்க. ஒரே ஒரு இடம்தான் வெச்சிருக்கேன், அதுவும் இவரு கையெழுத்துப் போட்டாத்தான்.”

இவர் எழுந்து உட்கார்ந்தார். “எது ஃபுல்லுன்னீங்க?”

“தியேட்டர் சார். ஆபரேஷன் தியேட்டர்.”

நான்கு நாளாக எல்லோரும் ஓ.டி., ஓ.டி. என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எதன் சுருக்கம் என்று கணக்கு படித்தவளும் யோசிக்கவில்லை, தியேட்டரில் பாதி ஆயுளைக் கழித்தவரும் யோசிக்கவில்லை.

“பத்தரைக்கா ஆரம்பம்?” குரல் மாறிவிட்டது.

“பத்தரைக்கு உள்ள கூட்டிட்டுப் போவோம் சார். மயக்கம் குடுத்து, பதினொண்ணுக்குத்தான் ஆரம்பிப்பாங்க.”

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “கேட்டியா? நம்ம தியேட்டர்லயும் அரை மணி முன்னாடிதான் கதவு தொறப்போம்.”

“கேட்டேன்.”

“அரை அங்க இருக்கு பாரு. நீ சுவத்துல தேடினே.”

பேனாவை நர்ஸின் பையிலிருந்து அவரே எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “உள்ள இருட்டா இருக்குமாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல சார், தலைக்கு மேலயே பெரிய லைட்டு.”

“நல்லதாப் போச்சு. வழி காட்டறவனுக்கு யார் வழி காட்டறதுன்னு நெனச்சேன்.”

வெள்ளிக்கிழமை அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். தேடுவது நாற்பத்தாறு என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. மலைப்பாதையில் நாற்பத்தாறு ஆடுகள் லாரியை மறித்தன. ஒருவர் நாற்பத்தாறு வயதில் பத்தாவது பாஸ். பக்கத்தில் இருந்தவரின் பேப்பரையும் வாங்கிப் பார்த்தேன். தம்பி ஒன்றும் கேட்காமல் கீழே போய் இன்னும் இரண்டு பேப்பர் வாங்கி வந்தான். நான்கரை மணி நேரத்தில் மொத்தம் பதினேழு நாற்பத்தாறு கிடைத்தது. டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தபோது நான் விளம்பரப் பக்கத்தில் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பேச விட்டார்கள். பதினேழையும் ஒப்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நாப்பத்தாறு, பதினேழு தடவையா?”

“ஆமா.”

“நாப்பத்தாறுக்கும் பதினேழுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஒண்ணும் கிடையாதுங்க.”

“இருக்கும். நான் பாத்துக்கறேன்.”

ஒன்பது வருடம் பார்த்தார். போன மாதம், கண்டுபிடிக்காமலே போய்விட்டார்.